கோட்டு அன்ரி குடிக்காத தேத்தண்ணி

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் நாங்கள் இருந்த காலத்தில், அந்தப் பெண்மணி ஒரு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து "தே வேணாம்மா" என்று சொன்னால் வீட்டுக்காரர் சாமிப் படத்தைத் திரும்பிப் பார்ப்பார். பொலிஸ் வந்தால்கூட அவ்வளவு பயமில்லை. பொலிஸுக்கு எங்கள் பாஷை தெரியாது, ஏதோ சொல்லிச் சமாளித்துவிடலாம். இவருக்குத் தமிழும் தெரியும், தமிழர் எப்படிச் சமாளிப்பார்கள் என்பதும் தெரியும்.

இத்தனைக்கும் அவரைப் போல ஒரு தேத்தண்ணிப் பைத்தியத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. மற்ற நாட்களில் சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே "தே இருக்கா?" என்றுதான் கேட்பார். அவர் மலேசியாக்காரர். இலங்கைக்காரரான எங்களுக்குத் தேத்தண்ணி, அவருக்குத் தே. தன் வீட்டில் இரண்டு பெரிய கோப்பைகளை எடுத்து, ரின்பால், அதுதான் அந்த இனிப்புக் கட்டிப்பால், விட்டு, ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கி மற்றக் கோப்பைக்குள் ஊற்றி, திரும்ப ஊற்றி, நுரை தள்ளும்வரை ஆற்றுவார். பாதி நிலத்தில் சிந்தும். காலால் ஒரு துணியைத் தள்ளி அதைத் துடைத்துக்கொண்டே கதையைத் தொடர்வார். ரின்பாலின் இனிப்புப் போதாதென்று மேலே சீனி வேறு. காலமெல்லாம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த மனுஷி இப்படிச் சீனி தின்னலாமா என்று கேட்டால், "நர்ஸு மத்தவங்களுக்குத்தான்" என்பார்.

குடித்தால் தீர்ப்பும் சொல்வார். இஞ்சி கூடிப்போச்சு, தூள் பழசு, தண்ணி கொதிக்கல. முகத்துக்காக ஒரு சொல் சொல்ல அந்த மனுஷிக்கு வராது. என் சிநேகிதி ஒருத்தி மகனின் பிறந்தநாளுக்கு மினக்கெட்டுச் செய்த கேக்கை வாயில் போட்டுவிட்டு, எல்லோருக்கும் முன்னால் "காஞ்சு போச்சும்மா" என்றார். அவள் குசினிக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள். பிறகு ஒருநாள் அதே வாய்தான் அவளுடைய கத்தரிக்காய்க் குழம்பை, "இது மாரி நான் லண்டன்ல சாப்ட்டதே இல்ல" என்று சொன்னது. அதை அவள் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அவர் நல்லது என்றால் அது நல்லதுதான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நெற்றியில் பெரிய பொட்டு, காலில் ஓட்டப் போட்டிக்குப் போகிறவர்களின் சப்பாத்து, நடுவில் கால்சட்டையும் ஆண்கள் போடும் மழைக்கோட்டும். இந்தக் கோலத்தில் கோலியர்ஸ் வுட் ஸ்டேஷனடியில், அந்தக் கறுத்த உயரக் கட்டடத்துக்குக் கீழே, காற்றுக்கு எதிராகக் குனிந்து நடந்து வருவார். அந்தக் கட்டடத்தடியில் எப்போதும் ஒரு பேய்க்காற்று வீசும். இப்போதும் எப்போதாவது அந்தப் பக்கம் போனால் என் கண் அவரைத்தான் தேடுகிறது.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. புதிதாய் ஒருவரைக் கண்டால் முதலில் "ஊரில எவடம்?" அடுத்தது "ஆற்ற பிள்ளை?" யார் பெற்ற பிள்ளை என்பதற்கும் ஆள் பிடிபடாவிட்டால், "அப்ப அந்தச் சங்கக்கடை மனேச்சர் உங்களுக்கு என்ன முறை?" இதற்குள் ஆள் பிடிபட்டுவிடுவார். பிடிபட்டால் அவரை எந்த மாமனைக் கொண்டு, எந்தச் சித்தப்பாவைக் கொண்டு இழுக்கலாம் என்பதும் தெரிந்துவிடும். இவரிடம் அந்த வித்தை பலிக்கவில்லை. முதன்முதல் கோயிலில் கண்டபோது என் மாமியாரே முயன்று பார்த்தார்.

"சொந்த இடம் எது பிள்ளை?"

"கிள்ளான்."

"கிள்ளானில ஆரைத் தெரியும்?"

"எல்லாரையும் தெரியும்."

"ஐயா என்ன செய்தவர்?"

"செத்துப் போயிட்டாரு."

மாமியார் அத்தோடு கைவிட்டார். கலியாணம் கட்டியவரா, பிள்ளை குட்டி உண்டா என்று கடைசிவரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது. முதலில் மலேசியா அன்ரி என்றோம். அவர் போகும் வேலை தெரிய வந்தபிறகு, கோடு என்று நாங்கள் சொல்லும் நீதிமன்றத்தை வைத்து, கோட்டு அன்ரி ஆனார்.

அந்த வேலைக்குத் தமிழில் என்ன பெயர் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பிள்ளையைப் பெற்றவர்கள் அடிக்கிறார்கள், அல்லது பார்க்காமல் விட்டுவிட்டார்கள் என்று கவுன்சிலுக்கு அறிவித்தல் போனால் வழக்கு வரும். தாய்க்கு ஒரு வக்கீல், தகப்பனுக்கு ஒரு வக்கீல், கவுன்சிலுக்கு ஒரு வக்கீல். பிள்ளையின் பக்கத்தைப் பார்க்கவும் கோடு ஒருவரை நியமிக்கும். அநேகமாக ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. நல்ல மனுஷியாகத்தான் இருப்பார். ஆனால் தமிழ்ப் பிள்ளை தமிழில் அழுதால் அவருக்கு எங்கே விளங்கப் போகிறது? அந்த இடத்தில்தான் அன்ரி போய் நின்றார். பிள்ளையோடு இருப்பது, சொல்வதைக் கேட்பது, கேட்டதையும் கண்டதையும் கோட்டில் போய்ச் சொல்வது. சம்பளமில்லாத வேலை. வேலையிலிருந்து ஓய்வெடுத்தவர், வீட்டில் இருந்து டீவி பார்க்க வேண்டியவர், தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டது.

பிள்ளையிடம் அவர் கேள்வி கேட்பதில்லை. ஒரு பை நிறையக் கோதோடு கச்சான், வேர்க்கடலைதான், கொண்டுபோவார். நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து உடைக்கத் தொடங்குவார். கொஞ்ச நேரத்தில் பிள்ளையும் உடைக்கத் தொடங்கும். "பெரியவங்க கேள்வி கேட்டா, நமக்குப் புடிச்ச பதிலத்தான் புள்ள சொல்லும். சும்மா இருந்தா அதுக்குத் தோணுறத சொல்லும்" என்பார். சில பிள்ளைகளோடு மாதக்கணக்கில் கச்சான்தான் உடைத்திருக்கிறார். அந்தக் கோதெல்லாம் மழைக்கோட்டுப் பைக்குள் கிடந்து, பஸ்ஸில் டிக்கட் எடுக்கும்போது கொட்டும்.

தேத்தண்ணி விஷயம் எங்களுக்குத் தெரிய வந்தது ஒரு பெரிய மனிதர் வீட்டில். கோயில் காரியங்களில் முன்னுக்கு நிற்பவர், இரண்டு கடை வைத்திருந்தவர். அவருடைய மகனின் முதுகில் பெல்ட் தழும்பு இருப்பதைப் பள்ளிக்கூடத்தில் உடுப்பு மாற்றும்போது கண்டுவிட்டார்கள். அன்ரி அந்த வீட்டுக்குப் போனார். அதற்கு முந்தின கிழமைதான் அதே வீட்டில் சரஸ்வதி பூசைக்குப் போய் இரண்டு கோப்பை குடித்துவிட்டு வந்தவர். இப்போது வேண்டாம் என்றார். வடை வேண்டாம். தண்ணி வேண்டாம். அந்த அம்மா தட்டை நீட்டியபடியே நின்றாராம். எங்கள் சனத்துக்கு இதைவிட ஒரு அவமானம் கிடையாது. கோபித்துக்கொண்டு போன சம்பந்தி வீட்டார்தான் தண்ணி குடிக்காமல் எழும்புவார்கள்.

பெரிய மனிதர் விடவில்லை. இந்தப் பொம்பிளைக்கு மேலே யாராவது இருக்கத்தானே வேண்டும் என்று கோலாலம்பூரில் இருந்த தன் ஒன்றுவிட்ட தமையனுக்குப் போன் அடித்தார். அவர் கிள்ளானில் ஒருவரைப் பிடித்தார். அந்த ஒருவர் அன்ரியோடு சின்ன வயதில் படித்த ஒரு அம்மாவைத் தேடிப் பிடித்தார். கடைசியில் அந்த அம்மா லண்டனுக்குப் போன் எடுத்து, அந்தக் குடும்பம் நல்ல குடும்பம், கொஞ்சம் பார்த்துச் செய் என்று சொல்லியிருக்கிறார். அன்ரி நெடுநேரம் பழைய கதையெல்லாம் சந்தோஷமாய்க் கதைத்துவிட்டு, "அந்தப் பையன் முதுகப் பாத்தியா நீ? நான் பாத்தேன்" என்று சொல்லிப் போனை வைத்தாராம். இந்தக் கதையை அவரே சிரித்துச் சிரித்து எனக்குச் சொன்னார். பையனைப் பற்றி மட்டும் ஒரு சொல் சொல்லவில்லை. வழக்குகளைப் பற்றி அவர் வாய் திறந்ததே இல்லை.

அதன் பிறகு சனம் அவரைக் கவனிக்கத் தொடங்கியது. எந்த வீட்டில் குடித்தார், எந்த வீட்டில் குடிக்கவில்லை என்பதுதான் கோயில் வாசலில் கதை. "உவ நேற்று அங்க ஒண்டும் குடிக்கேல்லையாம்" என்று ஒருவர் சொன்னால் போதும், மற்றவர்கள் தலையை ஆட்டுவார்கள். நானும் ஆட்டியிருக்கிறேன். அந்தத் தலையாட்டல் ஒருநாள் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பும் என்று நான் நினைக்கவில்லை.

என் தம்பி தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்தவன். மனைவி கொழும்பில் ஒரு லொட்ஜில் விசாவுக்குக் காத்துக்கொண்டிருந்தாள். மகள் வினோவை மட்டும், இங்கே இருந்து போய்த் திரும்பிய ஒரு சொந்தக்காரக் குடும்பத்தோடு முதலில் அனுப்பியிருந்தார்கள். ஏழு வயது. தம்பிக்குப் பெற்றோல் ஷெட்டில் இரவு ஷிப்ட். காலையில் வந்து பிள்ளையைப் பள்ளிக்கூடம் விடுவான், பின்னேரம் கூட்டிவருவான், சமைப்பான், தலை பின்னுவான். பின்னக் காட்டிக் கொடுத்தது நான்தான். எனக்கு அப்போது விடியமுதல் ஒஃபீஸ் துப்புரவு வேலை, என் கணவருக்கும் இரவு வேலை, வீட்டில் தனியே விட்டு வர முடியாத மாமியார். இரவில் பிள்ளையை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டால், "கீழ் வீட்டு அம்மா பாக்கிறா அக்கா, நீங்கள் யோசிக்காதேங்கோ" என்பான். கீழ் வீட்டில் அம்மா என்று ஒருவரும் இல்லை. இருந்தவர் காது கேளாத ஒரு போலந்துக் கிழவர்.

அவன் சோற்றைப் போட்டு மூடி வைத்து, டீவியைப் போட்டுவிட்டு, அறையை வெளியால் பூட்டிக்கொண்டு போயிருக்கிறான். பிள்ளை எழும்பி அடுப்படிக்குப் போய்விடுவாளோ, தெருவுக்கு இறங்கிவிடுவாளோ என்ற பயம். கோடைகாலத்து ஒரு மாலை, வெயில் இன்னும் இறங்காத நேரம், வினோ மேல்மாடி ஜன்னலைத் தள்ளித் திறந்து, விளிம்பில் ஏறி இருந்து, கால்களை வெளியே தொங்கப் போட்டுக்கொண்டு, தெருவில் போகிற பஸ்களுக்கெல்லாம் கை காட்டிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் இருந்தவர்கள் திருப்பிக் காட்டினார்களாம். அதனால்தான் இன்னும் காட்டியிருக்கிறாள். யாரோ ஒரு புண்ணியவதி கீழே நின்று பார்த்து, பொலிஸைக் கூப்பிட்டாள். அன்றைக்கே பிள்ளையைக் கொண்டுபோய்விட்டார்கள். சட்டன் என்ற ஊருக்கு அப்பால் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தோடு விட்டிருக்கிறது என்று பிறகு சொன்னார்கள்.

நாங்கள் சாப்பாடு தண்ணி இல்லாமல் இருந்த அந்தக் கிழமையில்தான் அன்ரி எங்கள் வீட்டுக்கு வந்தார். எனக்குக் கடவுளே வந்த மாதிரி இருந்தது. இனி ஒரு பயமும் இல்லை, எங்கள் அன்ரி இருக்கிறா என்று ஓடிப்போய்க் கேத்தலைப் போட்டேன்.

"தே வேணாம்மா."

நான் கேத்தலில் கையை வைத்தபடி திரும்பிப் பார்த்தேன். "என்ன அன்ரி? என்னோடயுமோ?"

"உங்களோடயும்தான்."

"நீங்கள் எத்தினை நாள் இந்தக் கதிரையில இருந்து குடிச்சிருப்பியள்?"

"நெறய நாளு. இன்னைக்கு வேணாம். உக்காருங்க, கேத்தல அமத்திட்டு வாங்க."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஒருவர் இறந்துபோனால் மட்டும்தான் எங்கள் வீட்டில் அப்படி அடுப்பை அணைப்போம். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளை வந்துவிடும் என்று சொல்லுங்கோ அன்ரி என்று கெஞ்சினேன். "எனக்குத் தெரியாததச் சொல்ல மாட்டேன்மா" என்றுவிட்டுச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு போனார்.

தம்பி வீட்டிலும் அதே கதைதான். அவன் என்னைவிட ரோசக்காரன். "இனி என்ர வீட்டில உவவுக்குப் பச்சத்தண்ணியும் இல்லை, அக்கா. செத்தாலும் குடுக்கமாட்டன்" என்றான். அவர் கேட்கவே இல்லை என்பதை நான் அவனுக்கு நினைவூட்டவில்லை.

ஆனால் வினோவிடம் அவர் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். இதை வினோ வளர்ந்தபிறகு சொன்னாள். அந்த வெள்ளைக்காரர் வீட்டில் வினோ தன் பங்கு பிஸ்கட்டைப் பாதியாய் உடைத்து நீட்ட, அன்ரி வாங்கி வாயில் போட்டிருக்கிறார். "மாமி வீட்டில நீங்கள் தேத்தண்ணி குடிக்கேல்லையாம், அப்பா சொன்னவர்" என்று என் வீட்டைச் சொல்லி வினோ கேட்டிருக்கிறாள். தகப்பன் போய்ப் பார்க்கும் அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளையிடம் இந்த முறைப்பாட்டைத்தான் வைத்திருக்கிறான் பாருங்கள். அன்ரி கச்சானை உடைத்துக்கொண்டே, "தே குடிச்சா நான் அவங்க வீட்டு விருந்தாளி. இப்ப நான் உன்னோட விருந்தாளி" என்றாராம். ஏழு வயதுப் பிள்ளை அதைக் கேட்டுவிட்டு மற்றப் பாதியையும் கொடுத்துவிட்டாள்.

கோட்டு நாள் வந்தது. அன்றைக்கு நாங்கள் செய்தது எங்கள் சனம் மட்டுமே செய்யக்கூடிய பிழை. எங்கள் பெரியண்ணைதான் யோசனை சொன்னது. பெரியப்பாவின் மகன், குடும்பத்துக்கு மூத்தவர். "தனிய ஒரு பெடியன் போய் நிண்டால் அநாதை எண்டு நினைப்பாங்கள். பிள்ளைக்குச் சனம் இருக்கெண்டு காட்டவேணும்." ஊரில் அதுதான் வழக்கம். எந்த அலுவலுக்கும் எவ்வளவு பேர் பின்னால் வருகிறார்களோ அவ்வளவு பலம். ஆகவே இல்ஃபோர்டிலிருந்தும் மனோர் பார்க்கிலிருந்தும் வான் பிடித்துச் சனம் வந்தது. பெண்கள் பட்டுச் சேலை. ஆண்கள் டை. ஒருவர் கோயில் விபூதி. ஒருவர் மத்தியானத்துக்குப் புளிச்சாதப் பார்சல். எங்களோடு ஒரு கலியாண விஷயத்தில் கோபித்துக் கதைக்காமல் இருந்த மச்சாள்கூட வந்து, என்னைப் பாராமல் ஒரு மூலையில் நின்றாள்.

கோட்டுக் கட்டடத்தின் ஒடுக்கமான நடையில் நாங்கள் நிரம்பி நின்றோம். வினோ அந்த வெள்ளைக்கார அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தாள். கண்டதும் எல்லோரும் ஒரேயடியாய் எழும்பி, "வினோக் குஞ்சு, வினோச் செல்லம்" என்று கையை நீட்டிக்கொண்டு முன்னுக்குப் போனோம். பிள்ளை பயந்துபோய் அன்ரியின் மழைக்கோட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டாள். தம்பியைக் கண்டும் வெளியே வரவில்லை.

எல்லாம் கெட்டது. பிள்ளைக்காக நியமித்திருந்த வெள்ளைக்காரப் பெண்மணியின் முகம் சிவந்துவிட்டது. தம்பியின் வக்கீல் ஓடி வந்து, இவ்வளவு பேரைக் கொண்டுவந்து பிள்ளையை மிரட்டப் பார்க்கிறீர்கள் என்றுதான் எழுதப் போகிறார்கள், உடனே எல்லோரையும் வெளியே அனுப்புங்கள் என்றார். நாங்கள் பட்டுச் சேலையோடும் பார்சலோடும் கார் நிறுத்தும் இடத்தில் தூறலுக்குள் போய் நின்றோம். பெரியண்ணை ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. தம்பி சுவரில் சாய்ந்து நின்று, "இனிப் பிள்ளை இல்லை, அக்கா" என்றான். அவன் அப்படிச் சொன்ன குரலை நான் மறக்கவில்லை.

அப்போது அன்ரி படியிறங்கி வந்தார். பக்கத்தில் அந்த வெள்ளைக்காரப் பெண்மணி குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். திட்டத்தான் வருகிறார்கள் என்று நினைத்தோம்.

"இத்தன பேரு வந்திருக்கீங்க. நல்லது" என்றார் அன்ரி. "செவ்வாக்கெழம சாயந்திரம் ஆறு மணிக்கு அந்தப் புள்ள வீட்ல உங்கள்ல யாரு இருப்பீங்க? விடிய வரைக்கும்."

பெரியண்ணை தொண்டையைச் செருமினார். "நாங்கள் சப்போட்டுக்கு வந்தனாங்கள், அன்ரி."

"அது தெரியுது. நான் கேக்குறது செவ்வாக்கெழம."

சனம் சப்பாத்தைப் பார்த்தது. ஒருவருக்கு ஷிப்ட், ஒருவருக்குத் தூரம், ஒருவருக்குப் பிரஷர். நாங்கள் இவ்வளவு பேர் வந்து நின்றோமே, அந்தப் பிள்ளை இருந்த அறைக்கு ஒருவரும் ஒருநாள் போய்ப் படுக்கவில்லையே என்று அந்தத் தூறலுக்குள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. "செவ்வாய் நான் இருப்பன், அன்ரி. வேலையில கேட்டு நேரம் மாத்துறன்" என்றேன்.

"புதன்?"

பிறகு பின்னாலிருந்து, "புதனும் வியாழனும் நான்" என்று ஒரு குரல். கதைக்காத மச்சாள். அவள் என்னைப் பாராமல்தான் சொன்னாள். "நான் பக்கத்தில தானே இருக்கிறன். எனக்கு ஆரும் சொன்னாத்தானே தெரியும்."

அன்ரி ஒவ்வொரு நாளாகக் கேட்டார். பதில் வரும்வரைக்கும் நின்றார். ஒவ்வொன்றையும் பக்கத்தில் நின்ற பெண்மணிக்கு இங்கிலிஷில் சொன்னார். அந்தப் பெண்மணியின் முகம் மெல்ல மெல்ல மாறியதை நான் பார்த்தேன். வெள்ளிக்கு ஒருவரும் இல்லாமல் போக, பெரியண்ணை டையைத் தளர்த்திக்கொண்டு, "என்ர மனிசி வருவா, நான் கொண்டுவந்து விடுறன்" என்றார். அவர் மனைவி அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையைப் பற்றி இங்கே வேண்டாம். ஆனால் மனைவியும் தலையாட்டினார்.

சாட்சி சொல்ல என்னையும் உள்ளே கூப்பிட்டதால் அன்ரி பேசியதை நான் கேட்டேன். பிள்ளை சொன்னதை முதலில் தமிழிலேயே சொன்னார், பிள்ளை சொன்ன மாதிரியே. "வீட்டை போகவேணும். கதவைப் பூட்டக்கூடாது." பிறகு இங்கிலிஷில். தம்பியின் வக்கீல், தகப்பன் அன்பானவர்தானே என்று அவரைக் கேட்டார். ஆம், மிகவும் அன்பானவர், அந்த அன்பான தகப்பன்தான் பூட்டியவர் என்றார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு அவர் மீது வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. ஆனால் கடைசியில் பிள்ளையை வீட்டுக்கு விட்டார்கள். ஒரு வருஷம் கவுன்சில் கண்காணிக்கும், இரவில் நாங்கள் சொன்ன ஆட்கள் சொன்னபடி இருக்கவேண்டும், அன்ரியும் வந்து பிள்ளையைப் பார்ப்பார் என்று தீர்ப்பு.

அந்த ஒரு வருஷமும் தம்பி வீட்டில் ஆள் இல்லாத இரவே இல்லை. மச்சாளும் நானும் மறுபடி கதைக்கத் தொடங்கினோம். ஒருவர் போக ஒருவர் வரும் வாசலில் எவ்வளவு நாளைக்குத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவது? தம்பி அறைக் கதவின் பூட்டைக் கழற்றி எறிந்துவிட்டான். அந்த ஓட்டை வழியாக வினோ எங்களை எட்டிப் பார்த்துச் சிரிப்பாள். அன்ரி கிழமை தவறாமல் வருவார். வந்ததும் ஓட்டையைப் பார்ப்பார், பிள்ளையோடு நிலத்தில் இருப்பார், கச்சான் உடைப்பார், போவார். முதலில் நான் விடாமல் கேட்டேன், "இண்டைக்காவது ஒரு வாய் குடியுங்கோ." "வேணாம்மா." பிறகு கேட்பதையே விட்டுவிட்டேன். அவர் இருக்கும்போது தேத்தண்ணி போடுவதையும் விட்டுவிட்டோம், மணத்துக்கு ஆசைப்படுவாரே என்று.

தொண்ணூறுகளின் கடைசியில் அவர் கிள்ளானுக்கே போய்விட்டார். சில வருஷங்களில் அங்கேயே காலமானார் என்று யாரோ போனில் சொன்னார்கள். நான் இப்போது இல்ஃபோர்டில் இருக்கிறேன். அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது அந்தக் கண்காணிப்பு வருஷம் முடிந்த செவ்வாய்க்கிழமைதான். முந்தின நாள் கவுன்சிலிலிருந்து, இனிக் கண்காணிப்பு இல்லை, எல்லாம் முடிந்தது என்று சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு என்னுடைய முறை. தம்பி வேலைக்குப் போக முன் வினோவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தான். மணி அடித்தது. அன்ரி.

தம்பி பின்னுவதை நிறுத்திவிட்டான். முடிந்ததென்று சொன்னார்களே, இவர் ஏன் வந்தார்? அவர் சப்பாத்தைக் கழற்றினார். உள்ளே வந்தார். நிலத்தில் இருக்கவில்லை, கதிரையில் இருந்தார். கையில் கச்சான் பையும் இல்லை. எங்களைப் பார்த்தார். நாங்கள் அவரைப் பார்த்தோம். ஒரு வருஷப் பழக்கம், கேத்தலைப் போட ஒருவருக்கும் தோன்றவில்லை. கடைசியில் அவர்தான் கேட்டார்.

"என்னா, இந்த வீட்ல தே கெடைக்காதா?"

நான் எழும்பினேன். தம்பி என் தோளைப் பிடித்து இருத்தினான். பாதி பின்னிய சடையை வினோவின் கையில் கொடுத்துவிட்டு, அவனே குசினிக்குள் போனான். பச்சத்தண்ணியும் இல்லை என்று சொன்ன வாய். உள்ளே சாமான்கள் உருளும் சத்தம் கேட்டது. மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டது. நெடுநேரம் கழித்துக் கோப்பையோடு வந்தான். பாதி கோப்பைக்குக் கீழிருந்த பீரிஸில் சிந்திக் கிடந்தது. ரின்பால் அடியில் கரையாமல் கிடந்தது. அன்ரி பீரிஸில் இருந்ததைக் கோப்பைக்குள் திருப்பி ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தார்.

"ஒரு வருஷமா இந்த வீட்டு வாசல் ஏறும்போதெல்லாம் எனக்கு எப்படி இருந்திச்சு தெரியுமா?" என்றார். கண் கலங்கியிருந்தது. பிறகு கோப்பையைத் தம்பியிடம் நீட்டினார்.

"தே நல்லால்ல. இன்னொன்னு போடுங்க."